உயர்தரத்தில் சங்கீதம்: குருநகரிலிருந்து மருதனார்மடம் வரை

"சங்கீதம் எடுத்து என்ன செய்யப் போறாய்?" சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் குருநகரில் எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. பதில் தெரியாமல் பாடத்தைக் கைவிட்டேன்; பின்னர் ஊடகக் கற்கைக்குப் போனேன். இன்று அதே கேள்வியோடு நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் கலைப்பிரிவுப் பாடம். தமிழ், வரலாறு, நாடகமும் அரங்கியலும் போன்றவற்றோடு மூன்றில் ஒன்றாக எடுக்கலாம். எழுத்துப் பரீட்சையுடன் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. 72 மேளகர்த்தா, இராக இலட்சணம், வாக்கேயகாரர் வரலாறு எல்லாம் இருந்து படித்தால் வந்துவிடும். சுருதியில் நின்று பாடுவது அப்படியல்ல. கடைசி மூன்று மாத ரியூசனில் அது வராது.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பாட்டு புதிதல்ல. தென்மோடிக் கூத்தும், தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கமும் கேட்டு வளர்ந்த காது அது. கொன்சால்வேஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுதியதை இன்றும் இராகம் இழுத்துப் படிக்கிறோம். ஆனால் கூத்தில் திறந்த தொண்டையைக் கமகத்துக்குப் பழக்க நாள் எடுக்கும். அதைக் குரல் குறைபாடென்று நினைத்துப் பிள்ளைகள் ஒதுங்குவதுதான் எனக்குக் கவலை.

போர் இந்தப் பழக்கத்தையும் அறுத்தது. 1993 நவம்பர் 13இல் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீணையைத் தூக்கிக்கொண்டு யார் நடந்திருப்பார்கள்?

பாடசாலைக்கு வெளியே இன்னொரு வழியும் உண்டு. 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது. ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்தால் 'கலாவித்தகர்' பட்டம். சிறுவயதிலேயே இதில் ஏறத் தொடங்கியவர்களுக்கு உயர்தரச் செயன்முறை பெரிய பயமல்ல.

பட்டப்படிப்புக்கு மருதனார்மடம். 1960இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கி, 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைப் பீடத்தில் வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் படிக்கலாம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு.

கவனிக்க: இந்தக் கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுதவேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முழுதும் வாசியுங்கள். என் தோழி ஒருத்தி புள்ளி போதுமென்று நம்பி அந்த விண்ணப்பத்தைத் தவறவிட்டாள். இப்போது பின்னேரங்களில் விறாந்தையில் பாய் விரித்து, அயலட்டைப் பிள்ளைகளுக்குச் சரளிவரிசை சொல்லிக்கொடுக்கிறாள்.