நீருக்கடியில் உழைப்போரும் அமுக்க நோயும்

நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற புறூக்ளின் பாலம் 1883 மே 24 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டபோது, அதன் பிரதம பொறியியலாளர் வொஷிங்டன் ரோப்ளிங் விழாவில் கலந்துகொள்ளவில்லை. 1872 இல் ஆற்றின் அடித்தளத்தில் வேலை செய்தபோது பீடித்த நோய் அவரை வீட்டோடு முடக்கியிருந்தது. அவருடைய பணிப்புரைகளை மனைவி எமிலியே பாலத் தளத்துக்கு எடுத்துச் சென்றார்.

பாலத்தின் கோபுரங்களுக்கு அத்திவாரமிட, அடிப்பாகம் திறந்த பிரமாண்டமான மரப்பெட்டிகள் ஆற்றில் இறக்கப்பட்டன. நீர் உட்புகாதவாறு அவற்றினுள் அமுக்கப்பட்ட காற்றுச் செலுத்தப்பட்டது. தொழிலாளர் உள்ளே இறங்கி மண்ணை அகழ்ந்தனர். ஆழம் 78 அடியை எட்டியபோது, காற்றின் அமுக்கம் சாதாரண வளிமண்டல அமுக்கத்தின் மூன்று மடங்கையும் தாண்டியது. மேலே வந்த பின்னரே துன்பம் தொடங்கியது. மூட்டுகள் தாங்கொணாது வலித்தன; கால்கள் செயலிழந்தன; சிலர் மாண்டனர். அங்கு பணியாற்றிய மருத்துவர் அன்ட்ரூ ஸ்மித், 110 பேரின் நோய் விபரங்களைப் பதிவு செய்தார். பெட்டியின் பெயரால் இது 'கெய்சன் நோய்' எனப்பட்டது.

இதன் காரணத்தை 1878 இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் போல் பேர்ட். அமுக்கம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும்போது, நைதரசன் வாயு இரத்தத்திலும் இழையங்களிலும் மிகையாகக் கரைகிறது. அமுக்கம் மெதுவாகக் குறைந்தால் அது சுவாசப்பையின் வழியே வெளியேறிவிடும். சடுதியாகக் குறைந்தாலோ, மூடி திறந்த சோடாப் போத்தலில் போன்று உடலினுள்ளே குமிழிகள் தோன்றுகின்றன. 1908 இல் பிரித்தானிய அறிஞர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், ஆடுகளில் பரிசோதித்து, படிப்படியாக மேலே வருவதற்கான கால அட்டவணைகளை வெளியிட்டார். நோயுற்றவரை மீண்டும் அமுக்க அறையில் வைத்து மெல்ல மெல்ல வெளியே எடுப்பதே சிகிச்சையாகும்.

ஆகவே தடுக்கும் வழி நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்ததே. ஆனால் அதற்கு வேண்டியது நேரம். நேரமோ வேலை கொடுப்போருக்குப் பணம். இன்றும் சுரங்கப்பாதை அமைப்போரும், நமது கடல்களில் அட்டையும் சங்கும் தேடிக் காற்றுச் சிலிண்டருடன் சுழியோடுவோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். சிலருக்கு எலும்பு சிதைவுறுவது பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றது. அப்போது அவரை வேலைக்கு அமர்த்தியவர் அருகில் இருப்பதில்லை. மேலே வருவதற்கு எடுக்கும் நேரமும் வேலை நேரமே என ஏற்று, அதற்கும் கூலி வழங்கும் வரை, இவர்களின் அவசரத்துக்கு இவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.