காயக்கட்டும் இடுப்புக் கச்சையும்

போர்களின் வரலாறும் ஆலைகளின் வரலாறும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. மாதந்தோறும் பெண்கள் அணிந்த துணியின் வரலாறோ அண்மைக்காலம் வரை எழுதத் தகாததாகவே கருதப்பட்டு வந்தது. ‘துடக்கு’ என்று ஒதுக்கிவைத்த நமது சமூகம் மட்டுமன்று, நாகரிகம் பேசிய மேற்குலகமும் இவ்விடயத்தில் வாய்மூடியே இருந்தது. ஆனால், அந்த மௌனத்தைக் காசாக்கும் வித்தையை அங்குள்ள முதலாளிகள் விரைவிலேயே கற்றுக்கொண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பெண்களிற் பலர் பழந்துணியை மடித்து, இடுப்புப் பட்டியில் ஊசியாற் குத்தி அணிந்தனர். துவைத்து மீண்டும் பாவித்தனர். 1896இல் ஜோன்சன் அன் ஜோன்சன் கொம்பனி ‘லிஸ்ரர்ஸ் ரவல்ஸ்’ என்ற பெயரில், பாவித்தபின் எறிந்துவிடக்கூடிய அணையாடையைச் சந்தைக்கு விட்டது. அது விலைபோகவில்லை. வெளிப்படையாகக் கேட்டு வாங்கப் பெண்கள் கூசினர். வெளிப்படையாக விளம்பரம் செய்யவும் அக்காலத்து ஒழுக்கம் இடந்தரவில்லை.

வழியைத் திறந்துவிட்டது முதலாம் உலகப் போர். கிம்பர்லி-கிளார்க் என்னும் கடதாசிக் கொம்பனி மரக்கூழிலிருந்து ‘செலுகொற்றன்’ என்றொரு பொருளைச் செய்தது. பஞ்சிலும் பன்மடங்கு ஈரம் உறிஞ்சும், விலையும் மலிவு. காயமுற்ற படையினருக்குக் கட்டுப்போட அது பெருமளவில் அனுப்பப்பட்டது. இரத்தத்தை உறிஞ்சும் அப்பொருள் தமக்கும் உதவும் என்று கண்டவர்கள் கொம்பனியின் நிபுணர்களல்லர்; போர்க்கள மருத்துவமனைகளிற் பணிபுரிந்த தாதியரே. 1918இல் போர் ஓய்ந்தது. காயக்கட்டுக்கான தேவை சரிந்தது. ஆலையின் பொறிகளோ சும்மா நிற்க விரும்பவில்லை. 1920இல் ‘கோரெக்ஸ்’ பிறந்தது.

ஆரம்ப விளம்பரமொன்றில் காயமுற்ற படைவீரரும் தாதியுமே காட்சியளித்தனர். கடைக்காரரிடம் வாய்திறந்து கேட்கத் தேவையில்லாதபடி பெட்டிகள் மேசைமீது அடுக்கப்பட்டன. அருகிலே காசு போட ஓர் உண்டியல். பெண்ணின் கூச்சத்தைப் போக்கும் நோக்கம் அங்கே இல்லை. அந்தக் கூச்சம் நிலைத்திருக்கும்வரை அதற்கேற்ற வாணிபமும் நிலைத்திருக்கும் அல்லவா?

ஆயினும் பெண்கள் வெறும் நுகர்வோராக இருந்துவிடவில்லை. 1927இல் பொறியியலாளர் லிலியன் கில்பிரெத், ஜோன்சன் அன் ஜோன்சன் கொம்பனிக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் கருத்துகளைத் திரட்டினார். கடையில் வாங்கிய அணையாடை பருமனாக இருக்கிறது, ஆடைக்கு வெளியே தெரிகிறது என்று பலர் குறைகூறினர். அதனைத் தம் கையாலேயே வெட்டித் திருத்திக் கொண்டோரும் இருந்தனர். பெயர் தெரியாத இப்பெண்களையும் வடிவமைப்பாளர் என்று அழைப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

பெயர் தெரிந்த ஒருவரும் உண்டு. 1912இல் வட கரோலினாவிற் பிறந்த கறுப்பினப் பெண் மேரி பியற்றிஸ் டேவிட்சன் கென்னர். அணையாடை நழுவாதபடி பிடித்துவைக்கும் இடுப்புக் கச்சை ஒன்றை அவர் இளம் வயதிலேயே கற்பனை செய்தார். காப்புரிமை பெறப் பணமில்லை. பல்லாண்டுகள் கழித்து, 1956இலேயே அது அவருக்குக் கிட்டியது. கொம்பனி ஒன்று ஆர்வம் காட்டி அவரைச் சந்திக்க ஆளனுப்பியது. வந்தவர் கென்னரின் நிறத்தைக் கண்டார். ஆர்வம் அவ்வளவில் அடங்கிற்று. அறிவுக்கு நிறமில்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். சந்தை அந்தப் புத்தகத்தைப் படிப்பதில்லை. 1970ஐ அண்டி, உள்ளாடையில் ஒட்டிக்கொள்ளும் அணையாடைகள் வந்ததும் கச்சைகள் படிப்படியாக வழக்கொழிந்தன. கென்னர் மொத்தம் ஐந்து காப்புரிமைகளைப் பெற்றார். அவற்றால் செல்வந்தராகாமலே 2006இற் காலமானார்.

மரக்கூழுக்குப் பின்னர் நெகிழிப் படலம் வந்தது, நீரை உறிஞ்சிப் பசையாக்கும் இரசாயனத் தூள் வந்தது. அணையாடை மெலிந்துகொண்டே போயிற்று. விலை அப்படி மெலியவில்லை. நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இறக்குமதி அணையாடைமீது 2018ஆம் ஆண்டு வரை விதிக்கப்பட்ட வரிகளின் மொத்தம் நூற்றுக்கு நூறையும் தாண்டியிருந்தது. பொருளின் விலைக்கு மேல் வரி! அவ்வாண்டு அது அறுபத்திரண்டு வீதமளவுக்குக் குறைக்கப்பட்டது. தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண் இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பழஞ்சேலையைக் கிழிக்கிறாள். துவைத்த அந்தத் துணியை, எவர் கண்ணிலும் படாதிருக்க, வேறு துணிகளுக்கு அடியிலே வெயில் படாமல் உலர்த்துகிறாள்.