பொதியும் முதுகும்

ஓசூரை அடுத்த மத்திகிரி என்றதும் இன்று பலருக்கும் தொழிற்கூடங்களும் கர்நாடக எல்லையுமே நினைவில் எழுகின்றன. இங்குள்ள கால்நடைப் பண்ணையோ 1824இல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தோன்றியது. 1600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பை நினைக்கும்போதெல்லாம் நமக்குக் குதிரைவீரனைவிடப் பொதிமாடே முன்வந்து நிற்கிறது. இந்த எல்லைப்புறத்தின் தலைவிதியை ஒரு காலத்தில் தீர்மானித்தது அதுதான்.

1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த காரன்வாலிஸ், மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்டார். ஆனால் வண்டி இழுக்கவும் பொதி சுமக்கவும் மாடுகள் இல்லை; நோயிலும் பட்டினியிலும் மடிந்துவிட்டன. முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. வழியில் மராட்டியப் படையும் அதனுடன் வந்த தானியமும் எதிர்ப்படாதிருந்தால் அப்படை என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து ஜூலையில் அவர் ஓசூரையும் இராயக்கோட்டையையும் கைப்பற்றியதன் நோக்கமும் சோற்றுக்கு வழி திறப்பதே. கீழே கர்நாடகச் சமவெளியிலிருந்து தானியம் ஏறிவரும் கணவாய்கள் இவ்வழியேதான் இருந்தன.

தானியம் கொண்டுவந்தவர்கள் பிரிஞ்சாரிகள். நாம் இலம்பாடிகள் என்போம். ஆயிரக்கணக்கான மாடுகளுடன் குடும்பம் குடும்பமாக நடந்தவர்கள். போகையில் தானியம், வருகையில் உப்பு. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இரயில் ஓடத் தொடங்கியபின் பொதிமாட்டுக்கு வேலை சுருங்கியது. இவர்களைப் போலவே உப்பு சுமந்து பிழைத்த குறவர்களில் பல பிரிவினர், 1911க்குப்பின் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைப் பட்டியலில் ஏறினர். சுமையை இழந்தவன் சந்தேகத்துக்குரியவனானது நம் வரலாற்றின் கசப்பான பக்கம்.

மாட்டின்மேல் பொதியேற்றுவது எளிய காரியமன்று. இரண்டு கோணிகளும் எடையில் ஒத்திருக்க வேண்டும். ஒருபுறம் தாழ்ந்தால் பொதி வழுக்கும், தோல் உரியும். எடை விலா எலும்புகளின்மேல் பரவ வேண்டுமேயன்றி நடுமுதுகைத் தொடக்கூடாது. அதற்காகவே இருபக்கமும் மெத்தை வைத்து, நடுவில் இடைவெளி விடுவார்கள். முதுகில் புண் கண்ட மாடு பல வாரங்களுக்கு உதவாது. பெரும்பாணாற்றுப்படை பாடிய புலவர் இதை அறிந்திருந்தார். மிளகுப்பொதி சுமந்து செல்லும் கழுதைகளின் முதுகில் ஆழப் பதிந்த தழும்பை அவர் காணத் தவறவில்லை. ஒத்த எடையில் இணைத்த அப்பொதிகளுக்குப் பலாப்பழத்தை உவமை சொன்னவர், தழும்பையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

மனிதச் சுமை நம்மிடையே பெரும்பாலும் தலையில்தான். சும்மாடு வைத்துச் சுமந்தார்கள். இறக்கிவைக்கத் துணையில்லாதவருக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நட்டார்கள். இறக்கப்படாமற்போன சுமைக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் எது? முதுகில் சுமந்த தமிழர்களும் உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்களின் கூடை முதுகில் தொங்கியது, அதன் கயிறோ தலையில். எடை முழுவதையும் கழுத்து வாங்கிக்கொண்டது.

தோளையும் கழுத்தையும் விட்டு இடுப்புக்குச் சுமையை இறக்கும் வழி மேனாட்டில் மெல்லவே தேறியது. நார்வேயின் ஓலே பெர்கன் 1909இல் முதுகின் வளைவுக்கேற்ற சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1950களில் கலிபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டமும் இடுப்புப்பட்டையும் சேர்த்துப் பைகளை விற்றார். வேட்டையிறைச்சியைக் காட்டிலிருந்து தோளில் கொண்டுவரும் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு இத்தகைய சட்டப்பை இன்றியமையாததாயிற்று. அதைத் தேர்வதில் ஆளின் உயரம் முக்கியமன்று. கழுத்தடியில் புடைத்த எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரையுள்ள முதுகின் நீளமே அளவு. பட்டை அந்த விளிம்பின்மேல் அமர வேண்டும். தோள்வார்கள் பை பின்னே சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. கனத்த பொருள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். விலகினால் அதே எடை இருமடங்காய்த் தோன்றும். பொதிமாட்டுக்காரனுக்கு இதில் எதுவும் புதிதாக இருந்திராது.

அஞ்செட்டி, சவளகிரிக் காடுகளில் புலிவேட்டையாடிய கென்னத் ஆண்டர்சனின் கதைகளைப் படிப்பவர்கள் துப்பாக்கியை மறப்பதில்லை. மூட்டை தூக்கியவர்களைத்தான் மறந்துவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு அந்த வேட்டை முடிந்தது. 2014 முதல் அக்காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். இப்போது அங்கே பை சுமந்து நடப்பவர் வனக்காவலர்.