கணினி நிரலகங்களைக் கைபேசிச் செயலிகளுக்குப் பொருத்துதல்

மேசைக் கணினிக்காக எழுதப்பட்டு, பல ஆண்டுகள் சோதனையில் தேறிய நிரலகங்களை (லைப்ரரிகளை) ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் செயலிகளுக்குள் இயங்கச் செய்யும் பணி இது. புதிதாக எழுதுவதைவிட இதில் உழைப்பு குறைவு. அதைவிட முக்கியமானது, பழைய நிரலகத்தில் ஏற்கெனவே களையப்பட்ட பிழைகள் மறுபடி முளைப்பதில்லை. டி. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட் தரவுத்தளம் இன்று ஏறத்தாழ எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது. தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று, எழுத்துகளைத் திரையில் உரிய வடிவில் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் நிரலகம்.

கடலூர் மாவட்டம் குமராட்சி ஒன்றியத்தின் ஓரமாக ஓடும் கொள்ளிடத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் எழுத்தான 'கொ', ஒருங்குறியில் ககரமாகவும் அதைத் தொடரும் ஒகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும், துணைக்கால் பின்னும் வர வேண்டும். குமராட்சியின் 'கு'வுக்கோ தனி வடிவமே தேவை. எழுத்துருவுக்குள் இருக்கும் அட்டவணைகளைப் படித்து, எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது ஹார்ஃப்பஸின் வேலை.

தொடக்ககால ஆண்ட்ராய்டில் இந்தப் படிநிலை இல்லை. எழுத்துருவைச் சேர்த்தாலும் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள் தெரியும். வெகுபேர் ஓபரா மினி உலாவியில், எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும் அமைப்பை முடுக்கிவிட்டுத் தமிழ்ப் பக்கங்களைப் படித்தார்கள். பக்கத்தை வாசிக்க முடிந்ததே தவிர, மற்றச் செயலிகளில் தமிழ் உடைந்தே கிடந்தது.

லினக்ஸ் கணினிகளில் இந்தச் சிக்கல் முன்பே தீர்க்கப்பட்டிருந்தது. ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நிரலகத் திட்டத்தில் பிறந்த நிரலைப் பாங்கோ, கியூட்டி ஆகிய நிரலகங்கள் தனித்தனியே வளர்த்தன. அந்தக் கிளைகளை ஒன்றாக்கும் முயற்சியே ஹார்ஃப்பஸ். பின்னாளில் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதை அடியிலிருந்து திருத்தி எழுதினார். 2011 அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு 4.0 காலத்தில் இந்த நிரலகம் கைபேசிக்குள் வேலை செய்யத் தொடங்கியதும், தனித்தனிச் செயலிகள் எதையும் செய்யாமலே தமிழ் சரியாகத் தெரிந்தது.

இந்த இடமாற்றம் எளிதானதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. ஹார்ஃப்பஸ் சாளரம் திறக்காது. திரையில் தானே வரையவும் செய்யாது. எழுத்துத்தொடரும் எழுத்துருவும் உள்ளே போனால், வடிவ எண்களும் இருப்பிடங்களும் வெளியே வரும். உள்ளே சி++ இருந்தாலும் வெளிமுகம் சி மொழியில் இருப்பதால் எந்த மொழியிலிருந்தும் அழைக்கலாம். தளர்வான உரிமம் என்பதால் வணிகச் செயலிகளுக்கும் தடையில்லை.

எல்லா நிரலகங்களும் இப்படி அமைவதில்லை. ஆண்ட்ராய்டில் வழக்கமான லினக்ஸின் சி நிரலகத்துக்குப் பதில் பயோனிக் இருக்கிறது. அதில் இல்லாத செயற்கூறுகளை நம்பிய நிரல் தொகுக்கும்போதே நின்றுவிடும். 2009 ஜூனில் கூகுள் வெளியிட்ட என்டிகே கருவித்தொகுப்பைக் கொண்டு, கணினியில் இருந்தபடியே ஏஆர்எம் நுண்செயலிக்கு ஏற்ற வடிவில் நிரலைத் தொகுக்க வேண்டும். ஜாவா, கோட்லின் பக்கத்திலிருந்து அதை அழைக்க ஜேஎன்ஐ என்ற பாலம் தேவை. ஐஓஎஸ்ஸில் சி நிரலை நேரடியாகவே அழைக்கலாம். 2019 ஆகஸ்டு முதல் பிளே ஸ்டோரில் 64 பிட் வடிவமும் கட்டாயமானதால், மூல நிரல் கையில் இல்லாத பழைய நிரலகங்கள் அத்தோடு பயனிழந்தன. எல்ஜிபிஎல் உரிமம் கொண்டவற்றைச் செயலியோடு இறுக்கி இணைப்பதற்கு முன் உரிம விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

தமிழில் இந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களுள் மலேசியாவின் முத்து நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். 1985இல் கணினிக்காக அவர் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருள் தந்த அனுபவமே 2005இல் செல்லினம் என்ற உள்ளீட்டுச் செயலியாகக் கைபேசிக்கு வந்தது.

சொற்பிழை திருத்தி, சந்தி இலக்கணம், சொற்பகுப்பு ஆகியவற்றுக்கு இன்று எழுதப்படும் தமிழ் நிரல்களில் பல பைதானில் இருக்கின்றன. அவற்றைக் கைபேசியில் ஓட்ட பைதானையே செயலிக்குள் திணிக்க வேண்டியிருப்பதால் செயலி பருத்துவிடுகிறது. இத்தகைய கருவிகளை எழுதுவோர், மொழி விதிகளைத் திரையோடும் இயங்குதளத்தோடும் பிணைக்காமல் தனிக் கருவாக வைத்து, திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும்.