ரீபூட் பண்ணலாம், பேக்கப் எங்க?

2011 ஆகஸ்ட் 31. 'ஜஸ்டிஸ் லீக்' புது முதல் இதழ். அட்டையில ஏழு பேர். உள்ள புரட்டினா பேட்மேனும் கிரீன் லேன்டர்னும்தான் முட்டிக்கிறாங்க. சூப்பர்மேன் கடைசியிலதான் வர்றார். புதுசா படிக்கிறவங்களுக்கு ஈஸி. ஆனா டிசி பழைய கதையை ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுச்சு. 2016-ல 'ரீபர்த்'னு சொல்லி பழசைத் தேடிப் போக வேண்டியதாச்சு.

அதே சமயம், 2012 ஜனவரியில, சிவகாசியிலும் ஒரு ரீபூட்: 'லயன் கம்பேக் ஸ்பெஷல்'. அப்பா சௌந்தரபாண்டியன் 1972-ல முத்து காமிக்ஸ்ல கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை மகன் விஜயன் அழிக்கல. அதனாலதான் ஆவடி ரயில்ல அப்பாவும் பொண்ணும் ஒரே ஹீரோவைப் பத்திப் பேச முடியுது.

புதுசா தொடங்குங்க. பேக்கப்பை மட்டும் அழிக்காதீங்க!