நிலக்கரி தேர்ந்தெடுத்த கரை

அன்று தாமோதர் ஆறு பெருகினால்தான் வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி ஊரைவிட்டு நகரும். 1836-இல் துவாரகநாத் தாகூரின் கம்பெனி அங்கே சுரங்கம் வாங்கியபோது கல்கத்தாவுக்கு ஆறுதான் வழி. கோடையிலோ அது வெறும் மணற்பரப்பு. வெட்டிய கரியைக் குவித்து வைத்துக்கொண்டு மழைக்காலத்துக்குக் காத்திருந்து படகில் ஏற்றினார்கள்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் பர்துவான் உழவர்களும் அதே வெள்ளத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். வண்டல் கலந்த செந்நீர் வயலேறினால் நிலத்துக்கு உரம். இது தற்செயலாக நடந்ததல்ல, முன்னோர் திட்டமிட்டு அமைத்த பாசனம் என்று அஸ்வான் அணையின் பொறியாளர் வில்லியம் வில்காக்ஸ் 1928-இல் கல்கத்தா பல்கலைக்கழக உரைகளில் வாதாடினார்.

1855-இல் ரயில் ராணிகஞ்சுக்கு வந்ததும் கணக்கு மாறியது. தண்டவாளமும் கிராண்ட் டிரங்க் சாலையும் ஆற்றின் இடப்பக்கம். அவற்றைக் காக்க இடக்கரையை அரசு பலப்படுத்தியது. வலக்கரையில் சுமார் 20 மைல் தூரத்துக்கு வெள்ளம் தடுக்கும் மண்கரையையே அகற்றியது. இனி வெள்ளம் அந்தப் பக்கம் பாயட்டும் என்பதே முடிவு. வலக்கரை ஊர்கள் ஆண்டுதோறும் மூழ்கின. இடப்பக்க வயல்களோ வண்டலை இழந்தன. 1860-களில் அங்கே பரவிய பர்துவான் காய்ச்சலுக்கு, கரைகள் வடிகாலை அடைத்ததே காரணம் என்று அன்றே குற்றம்சாட்டியவர்கள் உண்டு. கரி தடையின்றிப் போவதற்கு இரு கரை மக்களும் விலை கொடுத்தார்கள்.

இடையில் வரையப்பட்ட அணைத் திட்டங்கள் காகிதத்தோடு நின்றன. 1943 ஜூலையில் இடக்கரை உடைந்தது. ரயிலும் சாலையும் அறுபட்டன, கல்கத்தா துண்டிக்கப்பட்டது. உலகப் போரின் நடுவே, வங்கப் பஞ்சத்தின் ஆண்டில் நேர்ந்த அடி அது. அடுத்த ஆண்டே விசாரணைக் குழு அமைந்தது. பர்துவான் மகாராஜா தலைவர்; இயற்பியலாளர் மேகநாத் சாகா உறுப்பினர். வலக்கரை மூழ்கிய இத்தனை ஆண்டுகளில் பிறக்காத அவசரம் ரயில் நின்றதும் பிறந்தது!

அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கிலிருந்து பொறியாளர் வூர்டுயின் வந்தார். நொடிக்கு 10 லட்சம் கன அடி வெள்ளம் வந்தாலும் அதை இரண்டரை லட்சமாகக் குறைக்கும் அணைத் தொடர் ஒன்றை 1945-இல் முன்வைத்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. அணைகள் ஒவ்வொன்றாக எழுந்தன: திலையா 1953, கோனார் 1955, மைத்தான் 1957, பாஞ்சேத் 1959. அத்தோடு முதல் கட்டம் முடிந்தது. தொடரின் மற்ற அணைகளை அந்நாளில் எவரும் எழுப்பவில்லை. கட்டியவற்றிலும் மைத்தான், பாஞ்சேத் நீர்த்தேக்கங்களுக்கு வேண்டிய நிலம் முழுதாகக் கையகப்படுத்தப்படாததால், வெள்ளத்துக்கென ஒதுக்கிய கொள்ளளவு முழுதும் பயன்படவில்லை.

பாசனத்தின் கதை கொஞ்சம் மேல். 1955-இல் எழுந்த துர்காபூர் தடுப்பணையிலிருந்து இரு பக்கமும் கால்வாய்கள் பிரிந்தன. மழை பொய்த்த ஆண்டிலும் நெற்பயிருக்கு நீர் கிடைத்தது. ஆனால் அந்த அணைநீருக்கு அனல்மின் நிலையங்களும் உருக்காலைகளும் பங்காளிகளாயின. வெள்ளத்துக்கு வந்தால், 1978 செப்டம்பர் மழையில் அணைகள் பெரும்பகுதி வெள்ளத்தைப் பிடித்து வைத்தும், அவற்றுக்குக் கீழே பெய்த மழையே தென்வங்கத்தை மூழ்கடித்தது.

சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கோ சிற்றாறு கூட எமன்தான். 1995 செப்டம்பரில் தன்பாத் அருகே கத்ரி ஆறு கரை உடைத்து கஸ்லிதாண்ட் சுரங்கத்துக்குள் புகுந்தது. 64 தொழிலாளர்கள் இறந்தார்கள். கத்ரியும் தாமோதரின் துணை ஆறுதான். அந்த நான்கு அணைகளில் ஒன்றுகூட அதன் குறுக்கே இல்லை.