எடையும் தேதியும்: கஞ்சா வழக்கில் பிணை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து கஞ்சா வழக்கில் கைதானவரின் குடும்பத்தார் வரும்போது, அவர் குற்றமற்றவர் என்பதையே முதலில் கூறுவர். வழக்குரைஞரான நான் கேட்பவை இரண்டு: பறிமுதலான எடை எவ்வளவு? நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்ட தேதி எது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டப்படி, கஞ்சாவில் சிறிய அளவுக்கான எல்லை 1 கிலோ. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டும், இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரையும் சிறை. இவற்றில் பிணை வழக்கமான நெறிகளின்படி பரிசீலிக்கப்படும். வணிக அளவுக்குத் தண்டனை 10 முதல் 20 ஆண்டுகள். அதில் அரசு வழக்குரைஞர் எதிர்த்தால், கைதானவர் குற்றவாளி அல்லர், பிணையில் இருக்கும்போது குற்றம் புரியமாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் பிணை என்கிறது 37-ஆவது பிரிவு.

எடையிலும் வாதத்துக்கு இடமுண்டு. செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதியே சட்டம் சொல்லும் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. மூட்டை 21 கிலோ என்றால் இந்த வேறுபாடே வழக்கின் தன்மையை மாற்றக்கூடும்.

அடுத்தது தேதி. வணிக அளவு வழக்கில் 180 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை உரிமையாகிறது. அரசு வழக்குரைஞரின் அறிக்கையை ஏற்று, சிறப்பு நீதிமன்றம் இக்கெடுவை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். ஆனால், குற்றப்பத்திரிகை வருமுன் மனு செய்யாவிட்டால் அவ்வுரிமை கைநழுவும். விசாரணை அளவுகடந்து நீண்டால், 37-ஆவது பிரிவு பிணைக்குத் தடையாகாது என 2023-இல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது.

கீழே பிணை மறுக்கப்பட்டால், அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்தாருக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இவ்விரு மாவட்டத்தாருக்கோ சென்னை. தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பயணமே பெருஞ்சுமை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதும், அதற்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கஞ்சா வணிகத்தைக் கடுமையாக ஒடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால், நாள் கணக்குத் தெரியாததால் மட்டுமே ஒருவர் சிறையில் கிடப்பது நீதியன்று. காவலில் வைக்கும் நாளிலேயே அந்தக் கெடு தேதியைக் குடும்பத்தாருக்கு எழுத்தில் தருவதை நடைமுறையாக்க வேண்டும்.